அவுக வர்ற நேரம்

என் பொண்டாட்டி என்னைய அண்ணாச்சிங்கிறா தம்பி. சிரிங்க, பரவால்ல. எங்க தெருவுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. முப்பத்தொம்பது வருஷம் ஒரே வீட்டுல ஒரே சட்டிச் சோறு தின்னவ, என்னையப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, அவுக வெளிய போயிருக்காக, உக்காருங்க"ங்கிறா. அவுகன்னா யாரு? நான்தான்.

நீங்க எதுவரைக்கும்? சாத்தூரா. நான் கோவில்பட்டி. அப்ப நேரம் கிடக்கு. ஒண்ணு நாப்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டி, பாருங்க, ரெண்டுக்கு எடுக்கான். நான் பஸ் டெப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்தொரு வருஷம். ஆவுடையப்பன் டூட்டின்னா அன்னைக்கு எவனும் டீக்கடையில நிக்க மாட்டான். வீட்டையும் அப்படித்தான் வச்சிருந்தேன். ஆறு மணிக்கு நான் வாசல்ல சைக்கிள ஸ்டாண்டு போட்டா, அஞ்சு நிமிஷத்துல காப்பி வந்துரணும். வந்துரும். செண்பகம் அந்த விஷயத்துல தப்பு சொல்ல முடியாதவ.

வியாதி மொதல்ல உப்புல ஆரம்பிச்சது. ஒரு நாள் குழம்புல உப்பே இல்ல. மறுநாள் வாயில வைக்க முடியாத உப்பு. "என்னட்டி இது"ன்னு கேட்டா, "நான் இன்னும் உப்பே போடலியே"ங்கிறா. எதுத்துப் பேசுறாளேன்னு எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சு ஒண்ணு வச்சேன். மறைக்கல தம்பி, உள்ளதச் சொல்றேன். எந்த வீட்ல இல்ல. நான் குடிச்சது கிடையாது. சீட்டாடுனது கிடையாது. இன்னொரு பொம்பளைய ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது. இந்தக் கோவம் ஒண்ணுதான். அதுவும் அஞ்சு நிமிஷம். வந்தா வரும், போனா போயிரும், மனசுல எதையும் வச்சிக்கிட மாட்டேன்.

அவளும் வச்சிக்கிட மாட்டான்னுதான் நெனச்சிருந்தேன். அதுவரைக்கும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னவ இல்ல.

அப்புறம் பொருளை ஒளிக்க ஆரம்பிச்சா. சாவியைக் கொண்டு போயி மாவு டப்பாவுல போடுறது, சோப்ப ஃப்ரிஜ்ஜுல வைக்கிறது. அதாவது பரவால்ல. என் பெல்ட்டு ஒண்ணு, டூட்டிக்கு மாட்டிட்டுப் போன பழைய பெல்ட்டு, கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கும். ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து அதை யாரு மாட்டுறா. ஒரு நாள் அதைக் காணோம். வீட்டையே பெரட்டுனேன். கடைசியில பார்த்தா அரிசி டிரம்முக்கு அடியில, பழைய சேலைத் துணியில பொதிஞ்சு, மேல ஒரு செங்கலையும் தூக்கி வச்சிருக்கா. "எதுக்குட்டி இங்க கொண்டு வந்து வச்ச"ன்னு கேட்டுட்டு, எடுத்து ஆணியில மாட்டுனேன். மறுநாளும் காணோம். இப்படி ஆறு தடவை. ஒரு பெல்ட்ல என்ன இருக்கு, சொல்லுங்க. வியாதி மனுசர எப்படி ஆட்டி வைக்குது பாருங்க.

மேல தட்டுல இருந்து மாத்திரை டப்பாவ எடுக்கலாம்னு கையத் தூக்கினா, ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டுக் குனிஞ்சிருவா. பக்கத்து வீட்டுல எஸ்தர் டீச்சர்னு ஒருத்தர் இருக்காங்க. வேலையில இருந்து ஓய்வு பெத்தவங்க, தனியா இருக்கிறவங்க. அவங்க பார்த்துக்கிட்டிருக்கும்போதே ஒரு நாள் இப்படிச் செஞ்சா. எனக்கு எப்படி இருக்கும்? டீச்சர் என்னைய ஒரு பார்வை பார்த்தாங்க. ஏதோ நான் அப்பத்தான் அடிச்சிட்டு நிக்கிற மாதிரி.

எல்லாத்தையும் விடச் சாயங்காலந்தான் மோசம். நாலரைக்கு ஆரம்பிச்சிருவா. "மணி என்னங்க, மணி என்னங்க." கூட்டுன வீட்டையே திரும்பக் கூட்டுவா. காப்பித் தம்ளரக் கழுவி வைப்பா, எடுத்துத் திரும்பக் கழுவுவா. வாசல எட்டி எட்டிப் பார்ப்பா. நான் நடுவீட்ல சேர்ல உக்காந்திருக்கேன் தம்பி, அவ கண்ணு முன்னால. "யாரத் தேடுற, நான் இங்கதான இருக்கேன்"ம்பேன். கேட்டுக்கிட மாட்டா. சரியா ஆறு மணிக்குப் போயி பாத்ரூம்ல தாழ்ப்பாப் போட்டுக்கிடுவா. நான் கதவத் தட்டுவேன். தட்டத் தட்ட உள்ள சத்தமே இருக்காது. ஒரு நாள் பயந்து போயி கதவையே உடைச்சேன். தண்ணி டிரம்முக்கும் சுவத்துக்கும் நடுவுல குத்த வச்சு உக்காந்து, முந்தானைய வாய்க்குள்ள திணிச்சு வச்சிருந்தா.

அன்னைக்குத்தான் இது சாதாரண மறதி இல்லன்னு திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. படம் எடுத்தாங்க, செண்பகத்துக்கிட்ட ஏதேதோ கேள்வி கேட்டாங்க, கடியாரம் வரையச் சொன்னாங்க. இவ வட்டத்தப் போட்டு, உள்ள ஆறுங்கிற நம்பர் ஒண்ண மட்டும் எழுதி வச்சிட்டா. மத்த நம்பரெல்லாம் எங்கம்மான்னு கேட்டா, "அது போதும்"ங்கிறா.

டாக்டரம்மா எனக்கு விளக்கிச் சொன்னாங்க. மூளை சுருங்கிக்கிட்டு வருதாம். புதுசா நடந்தது நிக்காதாம், பழசுதான் நிக்குமாம். "அவங்க வேணும்னு செய்யலை. நீங்க எதுத்துப் பேசாதீங்க, திருத்தாதீங்க, சத்தம் போடாதீங்க"ன்னாங்க. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாங்க. "என்ன நடந்துச்சுங்கிறது மறந்து போயிரும் சார். ஆனா அப்ப பட்ட பயம் மறக்காது. இவங்க எதையோ பார்த்து ரொம்பப் பயப்படுறாங்க. முன்ன எப்பவாவது வீட்ல யாராவது பயமுறுத்தியிருக்காங்களா?"

நான் யோசிச்சேன். அவ அப்பா கொஞ்சம் முரட்டு ஆளுதான். அதைச் சொன்னேன். "எங்க மாமனாரு குடிப்பாரும்மா, சின்ன வயசுல இவளப் போட்டு அடிச்சிருப்பாரு"ன்னு. டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க. அவரு செத்து இருவது வருஷம் ஆச்சு, எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறாரு.

அதுக்கப்புறம் நான் மாறிட்டேன் தம்பி. இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதான் நானே சொல்ல வேண்டியிருக்கு. அறுபத்தி நாலு வயசுல அடுப்படிக்குப் போனேன். ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன். அவ துணிய நான் தொவைச்சேன். அவளுக்குத் தலை பின்னிவிட டீச்சர்கிட்டப் போயி நின்னு கத்துக்கிட்டேன். சத்தமாப் பேசுறதில்ல. கை நீட்டுறதே இல்ல. அப்பவும் அவ என்னையக் கண்டா ஒதுங்கித்தான் போனா. தட்டுல சோத்தப் போட்டு வச்சா, நான் அந்தப் பக்கம் போற வரைக்கும் தொட மாட்டா. தலை பின்னுறப்ப தோளு ரெண்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். மனுசனுக்கு எரியுமா எரியாதா. இவ்வளவு செய்யிறவன அவ ஒரு தடவையாவது நிமிந்து பார்க்கணும்ல.

அப்பத்தான் மீசை போச்சு.

மேலுதட்டுல ஒரு கட்டி வந்து, மருந்து போட மீசைய எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. பதினெட்டு வயசுலேர்ந்து வச்சிருந்த மீசை. காலையில கடையில போயி எடுத்துட்டு, காய்கறிப் பையோட வீட்டுக்குள்ள நுழையிறேன். செண்பகம் எந்திரிச்சு நிக்கா. முகத்துல ஒரு பயம் இல்ல. "வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிங்க"ன்னு செம்பக் கொண்டு வந்து குடுத்தா. நான் அப்படியே வாங்கிக் குடிச்சேன். என்ன செய்ய? திருத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கல்ல.

அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா. ரசம் நல்லாருக்குன்னா. "ஆம்பளைக்கு இவ்வளவு கைப்பக்குவமா"ன்னு சிரிச்சா. தம்பி, அவளுக்கு இடது கன்னத்துல குழி விழும். எனக்கு அது தெரியாது. முப்பத்தொம்பது வருஷத்துல நான் பார்த்ததில்ல. பூண்டு உரிச்சுக்கிட்டே ஒரு பாட்டு பாடினா. "இது எப்பம்மா படிச்ச"ன்னு கேட்டா, "எப்பவும் பாடுவேன் அண்ணாச்சி. அவுக இல்லாதப்ப"ன்னா.

கட்டி ரெண்டே வாரத்துல ஆறிப் போச்சு. நான் மீசைய வளர விடல. தெனமும் காலையில அவ எந்திரிக்கிறதுக்கு முன்னால வழிச்சிக்கிடுவேன்.

வீட்டுக்கு வந்து போற அண்ணாச்சியா இருந்து பாருங்க, அதுல எவ்வளவு நிம்மதின்னு தெரியும். ராசா மாதிரி மரியாதை. ஆனா அஞ்சே முக்கால் ஆச்சுன்னா அவ மூஞ்சி மாறிரும். "அண்ணாச்சி, நீங்க கெளம்புங்க. அவுக வர்ற நேரம். வேத்தாள் இருந்தா அவுகளுக்குப் பிடிக்காது"ம்பா. ஒரு நாள் போகாம இருந்து பார்த்தேன். அழுதுட்டா. கையெடுத்துக் கும்பிட்டா, போயிருங்கன்னு. நான் சம்பாரிச்சுக் கட்டுன வீடு தம்பி அது. ஒவ்வொரு நாளும் அஞ்சே முக்காலுக்கு அந்த வீட்ட விட்டு நான் வெளிய போனேன். ரயில் ஸ்டேஷன்ல போயி பெஞ்சுல உக்காந்திருப்பேன். டீச்சர் வந்து அவகூட இருந்து, பேச்சுக் குடுத்து, இட்லி குடுத்துப் படுக்க வைப்பாங்க. அதுக்கப்புறம் நான் உள்ள போவேன். நான் எனக்குப் பயந்து வெளிய போயி உக்காந்திருந்தேன்னா நம்புவீகளா.

ஒரு நாள் அவகிட்டக் கேட்டேன். "அவுக எப்படிம்மா?" ஏன் கேட்டேன்னு தெரியல. நம்மளப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுவான்னு ஒரு நெனப்பு.

"அவுக நல்லவுகதான் அண்ணாச்சி. தப்பு எங்கிட்டதான். எனக்குக் கை வேகம் பத்தாது"ன்னா. சொல்லிட்டு வலது மணிக்கட்டக் காட்டுறா. எலும்பு கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்கும். "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். பின்ன, அவுகளுக்கு வேலையில கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்ல."

அது தொண்ணூத்தி மூணுல நடந்தது தம்பி. ஒரே ஒரு தடவை. முறுக்கணும்னு முறுக்கல. அவ இழுத்தா. திலகா, எங்க மக, ஒரே மக, அவ பெறந்த நாளு இவளுக்கு ஞாபகம் இல்ல. சொந்த அம்மா செத்தது ஞாபகம் இல்ல. அது மட்டும் ஏன் ஞாபகம் இருக்கணும்? நான் எடுத்துக் குடுத்த பட்டுச் சேலையெல்லாம் எங்க போச்சு? விடாமக் கேட்டேன். "அவுக உனக்கு எதுவும் வாங்கிக் குடுத்ததே இல்லியாம்மா?" யோசிச்சா. ரொம்ப நேரம் யோசிச்சா. "சோறு போட்டாக"ன்னா.

அன்னையில இருந்து தெனமும் ஏதாவது ஒண்ணு சொல்லுவா. சிலது நடந்ததுதான். சிலது நடந்திருக்கவே நடந்திருக்காது, எனக்கு ஞாபகமே இல்லையே. சொல்லிட்டு, "நீங்க யார்ட்டயும் சொல்லிறாதீங்க அண்ணாச்சி"ம்பா. சொல்லலம்மான்னு தலைய ஆட்டுவேன். உக்காந்து கேட்டேன் தம்பி, ஒரு வார்த்தை மறுக்காம. எவன் கேப்பான்?

இப்படி ஒண்ணரை வருஷம் ஓடுச்சு. மகளுக்கு நான் எதுவும் சொல்லல. அம்மாவுக்கு மறதி, மாத்திரை குடுக்கேன்னு மட்டும் போன்ல சொல்லுவேன். திலகா மதுரையில காலேஜுல வேலை பார்க்கா. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவா, காலையில வந்துட்டு மதியமே போயிருவா. போன ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமக் கொள்ளாம அஞ்சரை மணிக்கு மேல வந்து நிக்கா. நான் தரையில உக்காந்து கீரை ஆயிறேன். செண்பகம் பக்கத்துல உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருக்கா. என்ன கதை? பிள்ளைக் கதை.

"எனக்கு ஒரு பொட்டப்பிள்ளை அண்ணாச்சி. நல்லாப் படிக்கும். அஞ்சே முக்காலுக்கு டீச்சர் வீட்டுக்கு டியூசன் அனுப்பிச்சிருவேன். ஏழரைக்கு மேல வந்தாப் போதும்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்குள்ள அவுக கோவமெல்லாம் தணிஞ்சிரும்."

திலகா கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எவ்வளவு நேரமா நின்னாளோ. மணியடிச்ச மாதிரி அஞ்சே முக்கால். "அண்ணாச்சி, கெளம்புங்க"ன்னுட்டா இவ. நான் எந்திரிச்சு, செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வந்தேன். மகளும் பின்னாலயே தெருவுக்கு வந்தா.

"எனக்கு எதுக்குப்பா டியூஷன்"னு கேட்டா. "நான்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட். எதுக்கு அனுப்புறாங்கன்னு அப்பப் புரியல. அம்மாவுக்கு என்னையப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டே வளர்ந்தேன்."

"வியாதில ஏதேதோ பேசுறாம்மா"ன்னேன்.

"அம்மா என்கூட இருக்கட்டும்"னுட்டா. விசாரணை கிடையாது, ஒண்ணு கிடையாது. எனக்கு ஆத்திரம் வந்துச்சு. இத்தனை நாளும் கண்ணுக்குள்ள வச்சு அவளப் பார்த்துக்கிட்டது யாருன்னு கேட்டேன். குளிப்பாட்ட ஆள் வச்சது யாரு, ரசம் வச்சது யாரு, தலை பின்னுனது யாருன்னு கேட்டேன். என் மக சொல்றா, "அது நீங்க இல்லப்பா. அந்த அண்ணாச்சி." பெத்த தகப்பன்கிட்டப் பேசுற பேச்சா இது?

மறுநாளே கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. செண்பகம் திரும்பிக்கூடப் பார்க்கல. கார்ல ஏறுறப்ப மட்டும், "அவுக வந்து தேடுவாகளே"ன்னு கேட்டா. "தேட மாட்டாகம்மா"ன்னு மக கதவச் சாத்துனா.

விருதுநகர் வந்துருச்சா. பரவால்ல, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

இன்னைக்குத்தான் தம்பி மொத மொதல்ல போயிப் பார்த்துட்டு வாரேன். மூணு மாசமா திலகா வரச் சொல்லல. நானாத்தான் போன் போட்டு, வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். காலையில ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சவரம் பண்ணிக்கிட்டேன். மாப்பிள்ளை வெளியூர் போயிருக்காராம். திலகாதான் கதவத் தொறந்தா. "உக்காருங்க"ன்னா. அப்பாங்கிற வார்த்தை வரல.

செண்பகம் கொஞ்சம் சதை போட்டிருக்கா. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கணும். படலன்னுதான் சொல்லணும். சாயங்காலம் இப்ப எப்படி இருக்கான்னு மகளக் கேட்டேன். "ஒரு மாசம் ஒளிஞ்சாங்க. இப்ப ஆறு மணிக்கு மாடியில போயி நின்னு வேடிக்கை பார்க்காங்க"ன்னா. என்கிட்ட இருந்தப்ப ஒரு நாளாவது அவ அப்படி நின்னிருக்காளா? மாத்திரை அதே மாத்திரைதான். அதே திருநெல்வேலி டாக்டரம்மா எழுதுன சீட்டுதான்.

என்னையக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தா. நான் மேலுதட்டத் தடவிக்கிட்டேன். அடையாளம் கண்டுக்கிட்டாளோன்னு. கண்டுக்கிடணும்னு ஒரு பக்கம், வேண்டாம்னு ஒரு பக்கம். அப்புறம் சிரிச்சிட்டா. "ஊர்லேருந்தா வர்றீக அண்ணாச்சி"ன்னா. எதுத்தாப்புல உக்காந்தா. திலகா காப்பி போட்டுக் கொண்டு வந்தா, அதை இவளே வாங்கி என் கையில குடுத்தா.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீக?"

"நானும் என் சம்சாரமும்"னேன்.

"அவுக பேரென்ன?"

"செண்பகம்."

"நல்ல பேரு"ன்னா. அது தன்னோட பேருன்னு தெரியல அவளுக்கு. பெறகு, சாப்டாச்சான்னு கேக்குற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக் கேக்குறா தம்பி: "அடிப்பீகளா?"

திலகா அடுப்படி நெலையில சாஞ்சுக்கிட்டு நிக்கா. என்னையவே பார்க்கா. நான் என்ன சொல்லப் போறேன்னு கேக்க நிக்கா.

"இல்லம்மா. அடிக்க மாட்டேன்"னேன்.

அது பொய்யில்ல. டாக்டரப் பார்த்ததுலேர்ந்து நான் அவ மேல கை வச்சதே இல்ல. எந்தக் கோவில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். அதை அங்க வச்சு மக கேக்கச் சொல்லியிருக்கணும். காப்பித் தம்ளர வாயில வச்சிக்கிட்டேன்.

செண்பகம் ஒரு பெருமூச்சு விட்டா. என் பொண்டாட்டிய நெனச்சு அவளுக்கு அவ்வளவு ஆறுதல்.

"குடுத்து வச்சவ"ன்னா.